ஒண்ட வந்த பிடாரி: டெக்சாஸ் புரட்சியும் அதன் மனிதர்களும்

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகளில் ஹூஸ்டன், ஆஸ்டின் என்ற பெயர்கள் மதுரை, திருச்சி போலப் புழங்குகின்றன. ஹூஸ்டன் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பக்கத்து ஊரான பேர்லாந்தில் இருக்கும் மீனாட்சி கோயில். ஆனால் ஹூஸ்டன், ஆஸ்டின் இரண்டுமே ஆட்களின் பெயர்கள். அந்த இரண்டு பேரும் ஒரே புரட்சியில் ஒரே அணியில் இருந்துவிட்டு, அது முடிந்த சில மாதங்களில் தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றவர்கள். மீனாட்சி கோயில் இருக்கிற அதே பிரசோரியா மாவட்டத்தில்தான் ஆஸ்டின் இறந்தார்.

அந்தப் புரட்சி 1835 அக்டோபரில் தொடங்கி 1836 ஏப்ரலில் முடிந்தது. ஏழு மாதம்கூட நீடிக்கவில்லை. மெக்சிகோவின் வடகோடியில் இருந்த டெக்சாஸ் தனி நாடானது.

சுதந்திரப் போராட்டம் என்றால் நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவன் ஆள்கிறான். மண்ணின் மக்கள் எழுகிறார்கள். டெக்சாஸுக்கு இந்தச் சித்திரத்தோடு போனால் ஒன்றும் பிடிபடாது. அங்கே எழுந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களை வரவழைத்து நிலம் கொடுத்த அரசை எதிர்த்துத்தான் எழுந்தார்கள். முதல் குடும்பங்கள் வந்து பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்' என்று நம் ஊரில் சொல்வார்கள். எல்லைப்புறக் குடியேறிகளின் புரட்சி என்று வரலாற்றில் சொல்லப்படுவதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. ஆனால் பழமொழியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஊர்ப் பிடாரிகளில் சிலரும் ஒண்ட வந்தவர்களோடு சேர்ந்து நின்றார்கள். அந்த ஊரே யாருடையது என்று கேட்டால் பூர்வகுடி இனத்தவரான கோமாஞ்சிகளும் செரோக்கிகளும் வேறு பதில் சொல்லியிருப்பார்கள்.

யார் அழைத்தார்கள், ஏன்?

மெக்சிகோ 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றபோது டெக்சாஸ் பெரும்பாலும் வெற்றுநிலமாகவே வரைபடத்தில் இருந்தது. சான் அன்டோனியோ, கோலியாட், நாகடோச்சஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்கள். அவற்றில் சில ஆயிரம் ஸ்பானிய மொழி பேசும் மக்கள். இவர்களை டெஹானோக்கள் என்பார்கள். அவர்களைச் சுற்றி, குதிரைமேல் வந்து கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போகும் கோமாஞ்சிகள். ஆள் இல்லாத எல்லையைக் காப்பாற்ற முடியாது என்று ஸ்பெயின் முதலில் நினைத்தது, பிறகு மெக்சிகோவும் நினைத்தது. யாரையாவது கொண்டுவந்து குடிவைத்தால் அவர்கள் வேலி போல இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்தவர் மோசஸ் ஆஸ்டின் என்ற அமெரிக்கர். கடனில் மூழ்கிய ஈயச் சுரங்க முதலாளி. முந்நூறு குடும்பங்களைக் குடியேற்றுவதற்கு 1821 ஜனவரியில் ஸ்பானிய அதிகாரிகளிடம் அனுமதி வாங்கினார். அதே ஆண்டு ஜூனில் இறந்துபோனார். அனுமதி அவருடைய மகன் ஸ்டீஃபன் ஆஸ்டினிடம் வந்தது. அவருக்கு அப்போது 27 வயது. இப்படிக் குடியேற்றத்தை ஏற்று நடத்தும் குத்தகைக்காரருக்கு எம்பிரசாரியோ என்று பெயர். ஆள் பிடித்து வருவது, நிலம் அளந்து கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குப் பங்காக அவருக்கும் பெரும் நிலம்.

நிலத்தின் அளவைக் கேட்டால் தலை சுற்றும். மாடு வளர்ப்பதாகச் சொன்ன ஒரு குடும்பத்துக்கு மெக்சிகோ கொடுத்தது 4,428 ஏக்கர். உழவும் செய்தால் இன்னொரு 177 ஏக்கர். கட்டணம் சொற்பம். இதே காலத்தில் அமெரிக்காவில் அரசு நிலம் வாங்க வேண்டுமானால் குறைந்தது 80 ஏக்கர், ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர், அதுவும் ரொக்கமாக. 1819இல் அங்கே பொருளாதாரம் சரிந்து வங்கிகள் திவாலாகி, ஏராளமானோர் கடனாளிகளாக நின்ற நேரம். எல்லையைத் தாண்டி டெக்சாஸுக்குப் போனால் பழைய கடன்காரன் துரத்தி வர முடியாது, ஒரு பண்ணையும் கிடைக்கும் என்றால் யார் போக மாட்டார்கள்?

நிபந்தனைகள் இருந்தன. மெக்சிகோ குடிமகனாக வேண்டும், கத்தோலிக்கராக வேண்டும். பலர் தலையாட்டிவிட்டுத் தங்கள் சமயத்தில் தங்கள் போக்கிலேயே இருந்தார்கள்; பாதிரியார்கள் அந்தப் பக்கம் அதிகம் வந்ததுமில்லை.

பஞ்சும் அடிமையும்

புரட்சியைப் பற்றிய பழைய பாடநூல்கள் இந்த இடத்தில் வேகமாக நடந்து போய்விடும். நாம் சற்று நிற்கலாம்.

ஆற்றுப்படுகையின் கரிசல் பருத்திக்கு ஏற்றது. அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தவர்கள் பருத்தியோடு அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். ஆஸ்டினின் குடியிருப்பில் 1825இல் எடுத்த கணக்கில் மொத்தம் 1,790 பேர். அவர்களில் 443 பேர் அடிமைகள். நாலில் ஒருவர். மெக்சிகோவோ அடிமை முறையை ஒழிக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் விசென்டே கெர்ரேரோ 1829 செப்டம்பர் 15 அன்று அடிமை ஒழிப்பு ஆணையே பிறப்பித்தார். அவரே ஆப்பிரிக்க வழி வந்தவர். டெக்சாஸ் நிலக்கிழார்கள் அலறி, தங்களுக்கு விலக்கு வாங்கினார்கள். இடையில் ஒரு தந்திரமும் இருந்தது: அடிமைகளை 99 ஆண்டுக் கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கச் சொல்லி, 'இவர்கள் வேலைக்காரர்கள்' என்று எழுதிக் காட்டினார்கள்.

ஆஸ்டின் தனிப்பட்ட முறையில் அடிமை முறையைக் குறித்துத் தடுமாறியவர். ஒரு காலம் அது வேண்டாம் என்று எழுதுவார், மறு காலம் வேண்டும் என்று வாதாடுவார். 1833இல் அவருடைய தடுமாற்றம் முடிந்துவிட்டது. டெக்சாஸ் அடிமைகள் உள்ள நாடாகத்தான் இருக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதிவிட்டார். புரட்சிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். இதை விட்டுவிட்டுச் சொல்லப்படும் கதையை நம்பவும் மாட்டேன்.

மெக்சிகோ அரசு விழித்துக்கொள்ளக் கொஞ்சம் காலமானது. தளபதி மானுவெல் மியெர் இ தெரான் 1828இல் எல்லையைப் பார்வையிட வந்தார். அறிவாளி, அளந்து பேசுபவர். வடக்கே போகப்போக மெக்சிகோவின் சாயலே மங்குகிறது, நாகடோச்சஸ் பக்கம் ஒரு மெக்சிகருக்குப் பத்து வெளிநாட்டார் இருக்கிறார்கள் என்று எழுதினார். அவர் எச்சரிக்கையின் விளைவாக 1830 ஏப்ரல் 6 அன்று ஒரு சட்டம் வந்தது: அமெரிக்காவிலிருந்து இனிக் குடியேற்றம் கூடாது. சட்டம் வந்ததே தவிர ஆட்கள் வருவது நிற்கவில்லை. எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டி மெக்சிகோவுக்குள் அமெரிக்கர்கள் நுழைந்த காலம் அது. இன்றைய செய்திகளைப் படிக்கும்போது இதை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடிவதில்லை. பின்னாளில் புரட்சியின் தியாகியாகப் போற்றப்பட்ட வில்லியம் டிராவிஸே அப்படி 1831இல் வந்தவர்தான். தெரான் 1832இல் தன் வாளின்மேல் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு அரசியலமைப்பு, ஒரு சர்வாதிகாரி

குடியேறிகளின் குறைகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெக்சிகோவின் 1824ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்த கூட்டாட்சி முறை. டெக்சாஸ் தனி மாநிலமாக இல்லாமல் பக்கத்துப் பகுதியான கோவாவீலாவோடு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. ஒரு வழக்கு மேல்முறையீடு என்றால் பல நூறு மைல் தாண்டி சால்டீயோ போக வேண்டும். எங்களைத் தனி மாநிலமாக்குங்கள் என்ற மனுவை எடுத்துக்கொண்டு ஆஸ்டின் 1833இல் மெக்சிகோ நகரம் போனார். அங்கே காலரா, அரசியல் குழப்பம், யாரும் பதில் சொல்வதில்லை. பொறுமை இழந்து சான் அன்டோனியோ நகர சபைக்கு ஒரு கடிதம் எழுதினார்: அனுமதிக்குக் காத்திராமல் மாநில அரசை அமைக்கத் தொடங்குங்கள். ஆயுள் முழுதும் நிதானத்துக்குப் பெயர் போனவர் நிதானம் இழந்த ஒரே நாள் அது. கடிதம் அரசின் கைக்குப் போனது. ஊர் திரும்பும் வழியில் சால்டீயோவில் 1834 ஜனவரியில் கைது. மெக்சிகோ நகரத்தில், முன்பு மதவிசாரணை மன்றத்தின் சிறையாக இருந்த கட்டடத்தில் அடைத்தார்கள். அவர் மறுபடி டெக்சாஸ் மண்ணை மிதித்தது 1835இன் பிற்பகுதியில். போனபோது சமாதானம் பேசியவர், வந்தபோது போரைத் தவிர வழியில்லை என்றார்.

இதற்குள் மெக்சிகோவில் அன்டோனியோ லோபெஸ் டெ சாந்தா அன்னா நிறம் மாறிவிட்டார். கூட்டாட்சிக்காரராக 1833இல் தேர்தலில் வென்றவர், அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்து எல்லா அதிகாரத்தையும் தலைநகரில் குவிக்கத் தொடங்கினார். எதிர்த்த சகாதெகாஸ் மாநிலத்தை 1835 மே மாதத்தில் தாக்கி, ஊரைக் கொள்ளையிடத் தன் படைக்கு அனுமதி கொடுத்தார். ஆகவே சாந்தா அன்னாவை எதிர்த்து எழுந்தது டெக்சாஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவுக்குள்ளேயே பல மாநிலங்கள் கொதித்தன. முதல் சில மாதங்கள் டெக்சாஸ்காரர்கள் சொன்னதும் 'பிரிந்து போகிறோம்' என்று இல்லை. '1824 அரசியலமைப்பைத் திருப்பிக் கொடு' என்றுதான். 1835 நவம்பரில் கூடிய அவர்களுடைய ஆலோசனைச் சபை அப்படித்தான் அறிக்கை விட்டது.

சாந்தா அன்னாவைப் பற்றி இன்னொன்று. 1813இல், இளம் அதிகாரியாக ஸ்பானிய அரச படையில் டெக்சாஸுக்கு வந்து மெடினா போரில் கலந்துகொண்டவர் அவர். அங்கே கிளர்ச்சிக்காரர்களைப் பிடித்து வரிசையாகக் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். 23 ஆண்டு கழித்து அதே மண்ணில் அவர் செய்ததைப் பார்த்தால், அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்று தெரிகிறது.

ஒரு சின்ன பீரங்கி

கன்சாலஸ் என்ற சிற்றூரில் ஒரு பீரங்கி இருந்தது. பூர்வகுடிகளின் தாக்குதலுக்குப் பயந்த ஊராருக்கு 1831இல் மெக்சிகோ அரசே கொடுத்தது. ஊரில் காற்று மாறுகிறது என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள் அதிகாரிகள். நூறு குதிரை வீரர்களோடு பிரான்சிஸ்கோ டெ கஸ்தான்யேடா என்ற லெப்டினன்ட் வந்தார். குவாடலூப் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. அக்கரையில் இருந்த 18 பேர் 'நகரத் தலைவர் ஊரில் இல்லை, அவர் வரட்டும்' என்று நாள் கடத்தினார்கள். நம் ஊர் அலுவலகங்களில் கேட்டுப் பழகிய பதில்தான். அதற்குள் பீரங்கியை ஒரு பீச் பழத் தோப்பில் புதைத்துவிட்டு, சுற்றுவட்டாரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 1835 அக்டோபர் 2 அன்று, பீரங்கிப் படமும் 'வந்து எடுத்துக்கொள்' என்ற வாசகமும் தாங்கிய கொடியோடு சண்டைக்கு வந்தார்கள்.

சண்டைக்கு முன் இரு தரப்பும் நடுவில் சந்தித்துப் பேசின. நானும் கூட்டாட்சிக்காரன்தான், ஆனால் சிப்பாய், உத்தரவை மீற முடியாது என்று கஸ்தான்யேடா சொன்னார். இந்தப் போரில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். பிறகு கொஞ்சம் துப்பாக்கிச் சத்தம். குடியேறிகள் தரப்பில் குதிரையிலிருந்து விழுந்து ஒருவருக்கு மூக்குடைந்தது. அவ்வளவுதான் புரட்சியின் முதல் போர்.

அடுத்த இரண்டு மாதங்களில் அவர்கள் கோலியாட்டைப் பிடித்தார்கள், சான் அன்டோனியோவை முற்றுகையிட்டார்கள். வீடு வீடாகச் சுவரை இடித்து முன்னேறிய ஐந்து நாள் சண்டைக்குப் பின் டிசம்பரில் சாந்தா அன்னாவின் மைத்துனர் தளபதி கோஸ் சரணடைந்தார். போர் முடிந்தது என்று பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். முடியவில்லை.

அலமோவில் இருந்தவர்கள்

அலமோ என்பது சான் அன்டோனியோவில் இருந்த பழைய கிறித்துவ மிஷன் வளாகம். கோட்டை என்று சொல்வது மிகை. அதைக் கைவிடுவதே நல்லது என்பது தலைமைத் தளபதி சாம் ஹூஸ்டனின் எண்ணமாக இருந்தது. நிலைமையைப் பார்த்து வர ஜேம்ஸ் போவியை அனுப்பினார். போன போவி, இதை விட்டுக்கொடுப்பதைவிட இந்தப் பள்ளங்களிலேயே சாவது மேல் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

போவி கத்திச் சண்டையால் பெயர் பெற்றவர், அடிமைக் கடத்தலிலும் போலி நிலப் பத்திரத்திலும் பணம் பார்த்தவர். சான் அன்டோனியோவின் பெரிய குடும்பமான வெராமெண்டியில் பெண் எடுத்தவர். மனைவி 1833 காலராவில் போய்விட்டார். டிராவிஸுக்கு 26 வயது. அலபாமாவில் மனைவியையும் கடனையும் விட்டுவிட்டு வந்த வக்கீல். டேவிட் கிராக்கெட் டென்னசியிலிருந்து தேர்வான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். தேர்தலில் தோற்று, 'நீங்கள் நரகத்துக்குப் போங்கள், நான் டெக்சாஸுக்குப் போகிறேன்' என்று வாக்காளர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். ஓடி வந்தவர்களின் கூட்டம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. இரண்டாம் வாழ்க்கை ஒன்று எங்கே கிடைக்கும் என்று தேடிய மனிதர்களுக்கு அந்தக் காலத்தில் டெக்சாஸ்தான் விலாசம்.

சாந்தா அன்னாவின் படை 1836 பிப்ரவரி 23 அன்று ஊருக்குள் வந்தது. மறுநாள் டிராவிஸ் எழுதிய கடிதம் அமெரிக்கா முழுவதும் பரவியது. சரணடையச் சொன்னார்கள், பீரங்கிக் குண்டால் பதில் சொன்னேன், ஒருபோதும் பின்வாங்க மாட்டேன் என்ற வீர வரிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதன் பின்குறிப்புதான் உயிருள்ளது. எதிரி கண்ணில் பட்டபோது எங்களிடம் மூன்று மரக்கால் சோளம்கூட இல்லாத நிலை. ஆளில்லாத வீடுகளில் தேடி எண்பது தொண்ணூறு கண்டுபிடித்தோம், இருபது முப்பது மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தார். மரணத்தைப் பற்றி எழுதிவிட்டு மாட்டுக் கணக்கும் எழுதியவர் மேல் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

டிராவிஸ் வாளால் தரையில் கோடு போட்டு 'என்னோடு இருப்பவர்கள் தாண்டி வாருங்கள்' என்று சொன்னார் என்ற கதை பல ஆண்டுகள் கழித்துத்தான் அச்சில் வந்தது. கிராக்கெட் சண்டையில் விழுந்தாரா, பிடிபட்டுக் கொல்லப்பட்டாரா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். மார்ச் 6 அதிகாலையில் மெக்சிகப் படை மதில் ஏறியது. சுமார் இருநூறு பேர் உள்ளே இருந்தார்கள். சண்டையிட்ட ஆண்களில் ஏறக்குறைய எல்லோரும் மாண்டார்கள்.

மாண்டவர்களில் டெஹானோக்களும் உண்டு. கிரகோரியோ எஸ்பார்சா மனைவி மக்களோடு உள்ளே இருந்தவர். அவருடைய சகோதரர் பிரான்சிஸ்கோ எதிர்ப்பக்கம், மெக்சிகப் படையில். சண்டை முடிந்ததும் பிரான்சிஸ்கோ அனுமதி வாங்கி, உடல்களுக்கிடையில் தேடி கிரகோரியோவை எடுத்துப் போய்ப் புதைத்தார். மற்ற உடல்களைச் சாந்தா அன்னா விறகடுக்கி எரிக்கச் சொன்னார்.

டிராவிஸின் அடிமை ஜோ உயிர் தப்பினார். அவர் அரசாங்கத்தாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அலமோவின் கடைசி மணி நேரத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவர் வாய்வழி வந்தது. கேட்டுக்கொண்டபின் அவரை டிராவிஸின் சொத்துக் கணக்கில் சேர்த்துத் திருப்பி ஒப்படைத்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டவர்கள்

அலமோ முற்றுகையில் இருக்கும்போதே, பிராசோஸ் ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்று பெயர் வைத்திருந்த சிற்றூரில் பிரதிநிதிகள் கூடி மார்ச் 2 அன்று சுதந்திரப் பிரகடனத்தை நிறைவேற்றினார்கள். கையெழுத்திட்டவர்கள் மொத்தம் 59 பேர். டெக்சாஸ் மண்ணில் பிறந்தவர்கள் அவர்களில் இரண்டே பேர்: ஹோசே அன்டோனியோ நவார்ரோவும் அவருடைய மாமா ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிஸும். இந்த ஒரு எண்ணிக்கையை நினைவில் வைத்தால் போதும், புரட்சியின் உருவம் புரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு மெக்சிகர் இருந்தார்: யூகடானில் பிறந்த லொரென்சோ டெ சவாலா. புதிய நாட்டின் இடைக்கால அரசில் டேவிட் பர்னெட் தலைவர், சவாலா துணைத் தலைவர். மெக்சிகோவின் 1824 அரசியலமைப்பை உருவாக்கிய சபைக்குத் தலைமை தாங்கி, அதில் முதல் கையெழுத்துப் போட்டவர் இவர். பாரிஸில் மெக்சிகோவின் தூதராக இருந்தபோது, சாந்தா அன்னாவின் போக்கு பிடிக்காமல் பதவியைத் தூக்கி எறிந்தார். ஒரு நாட்டின் அடித்தளத்தைப் போட்டவரே அதிலிருந்து பிரியும் ஆவணத்திலும் கையெழுத்திட்டார். சவாலாவுக்குத் துரோகி என்று மெக்சிகோவில் பெயர். டெக்சாஸிலோ பல காலம் அவரை நினைத்துப் பார்க்கவே ஆளில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே இறந்துவிட்டார்.

மார்ச் 27 அன்று கோலியாட்டில் நடந்தது அலமோவைவிடக் கொடியது. ஜேம்ஸ் ஃபானின் தலைமையில் சரணடைந்திருந்த டெக்சாஸ் படையினர் 340க்கும் மேற்பட்டோரை, கருணை கேட்டு மெக்சிகத் தளபதி உர்ரேயா எழுதிய கடிதத்தையும் மீறி, சாந்தா அன்னாவின் உத்தரவுப்படி சுட்டுக் கொன்றார்கள். ஃபானின் தயங்கித் தயங்கியே படையைச் சிக்க வைத்தவர். அவரைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பின்வாங்கிக்கொண்டே இருந்தவர்

சாம் ஹூஸ்டனின் கதை தனிக் கதை. பதின்ம வயதில் வீட்டைவிட்டு ஓடி செரோக்கிகளோடு வாழ்ந்தவர். அவர்கள் வைத்த பெயருக்கு அண்டங்காக்கை என்று பொருள். டென்னசி ஆளுநராக இருந்தபோது, கல்யாணமாகிச் சில வாரங்களில் மனைவி பிரிந்துபோக, பதவியைத் துறந்து மறுபடி செரோக்கிகளிடம் போனார். ஓயாத குடி. 1832 டிசம்பரில் டெக்சாஸுக்குள் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். பேச்சும் நடையும் நாடகத்தனம்.

அலமோ விழுந்த செய்தி கேட்டதும் கன்சாலஸை எரித்துவிட்டுக் கிழக்கே பின்வாங்கத் தொடங்கினார். குடும்பங்கள் மழையிலும் சேற்றிலும் வண்டி கட்டிக்கொண்டு ஓடின. எதிரி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான், நின்று சண்டையிடுங்கள் என்று பர்னெட் காட்டமாகக் கடிதம் எழுதினார். ஹூஸ்டன் நிற்கவில்லை. பயிற்சி இல்லாத படையை ஒரே ஒருமுறைதான் பணயம் வைக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துரத்தி வந்த சாந்தா அன்னா அவசரத்தில் தன் பெரும்படையைப் பின்னால் விட்டுவிட்டு ஒரு பகுதியோடு மட்டும் முன்னே வந்தார். இன்றைய ஹூஸ்டன் நகரத்துக்குக் கிழக்கே, சான் ஜசின்டோ ஆறும் சதுப்பும் சூழ்ந்த புல்வெளியில் இரு படைகளும் எதிரெதிரே கூடாரமடித்தன.

1836 ஏப்ரல் 21, பிற்பகல் நாலரை மணி. முந்தைய இரவெல்லாம் விழித்திருந்த மெக்சிகப் படை ஓய்வில் இருந்தது. சுமார் 900 பேர் உயரமான புல்லுக்குள் சத்தமில்லாமல் நடந்து வந்து பாய்ந்தார்கள். பதினெட்டே நிமிடம். அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. 'அலமோவை நினை, கோலியாட்டை நினை' என்று கத்திக்கொண்டு, சதுப்பு நீரில் இறங்கி ஓடியவர்களையும் கைதூக்கியவர்களையும் சுட்டார்கள். மெக்சிகத் தரப்பில் அறுநூறுக்கு மேல் பலி. டெக்சாஸ் தரப்பில் ஒன்பது. ஹூஸ்டனின் கணுக்காலில் குண்டு பாய்ந்தது.

சாந்தா அன்னா மறுநாள் சாதாரணச் சிப்பாய் உடையில் பிடிபட்டார். பிடித்தவர்களுக்கு யாரென்று தெரியாது. கைதிகளின் நடுவே கொண்டுபோனபோது அவருடைய ஆட்களே 'எல் பிரசிடெண்டே' என்று எழுந்து நிற்க, குட்டு உடைந்தது. தூக்கில் போடச் சொல்லிக் கூச்சல். ஹூஸ்டன் மறுத்தார், செத்த சாந்தா அன்னாவைவிட உயிருள்ள சாந்தா அன்னாவே பேரத்துக்கு உதவுவார் என்ற கணக்கு. மே மாதம் வெலாஸ்கோவில் உடன்படிக்கை எழுதி வாங்கினார்கள். கைதி போட்ட கையெழுத்து செல்லாது என்று மெக்சிகோ அதை ஏற்கவேயில்லை.

யாருக்கு என்ன கிடைத்தது

செப்டம்பரில் தேர்தல். ஹூஸ்டனுக்கு 5,119 வாக்கு. பதினைந்து ஆண்டு உழைத்து அந்தக் குடியிருப்பை உருவாக்கிய ஆஸ்டினுக்கு 587, மூன்றாவது இடம். ஹூஸ்டன் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். சிறையில் கெட்டுப்போயிருந்த உடல், கடுங்குளிர், நிமோனியா. டிசம்பர் 27 அன்று 43 வயதில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

புதிய நாட்டின் அரசியலமைப்பு அடிமை முறையைச் சட்டமாக்கியது. அதை ஒழிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே இல்லை என்று எழுதி வைத்தது. விடுதலை பெற்ற கறுப்பர்கள்கூட நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் அங்கே குடியிருக்க முடியாது. ஜோ என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்கத் தேவையில்லை. சான் ஜசின்டோ வெற்றியின் முதல் ஆண்டு நிறைவு நாளான 1837 ஏப்ரல் 21 அன்று அவர் தப்பி ஓடினார்.

செரோக்கிகளுக்கு 1836 பிப்ரவரியில் ஹூஸ்டனே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்: போரில் ஒதுங்கி இருங்கள், உங்கள் நிலம் உங்களுக்கு. போர் முடிந்ததும் மேலவை அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. ஹூஸ்டனுக்கு அடுத்து வந்த மிராபோ லமார் படையை அனுப்பினார். முதியவரான தலைவர் டுவாலி 1839 ஜூலையில் நெச்சஸ் ஆற்றுப் பக்கம் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் விரட்டப்பட்டார்கள். அதே லமாரின் ஆட்சியில்தான் அதே ஆண்டு புதிய தலைநகருக்கு ஆஸ்டின் என்று பெயர் வைத்தார்கள்.

டெக்சாஸ் ஏறக்குறைய பத்து ஆண்டு தனி நாடாக இருந்து, 1845 டிசம்பரில் அமெரிக்காவோடு இணைந்தது. அதைத் தொடர்ந்த போரில் மெக்சிகோ தன் வடபகுதியில் பெரும்பங்கை இழந்தது. சாந்தா அன்னா அதற்குள் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் ஒரு காலை இழந்து, அந்தக் காலுக்கு அரசு மரியாதையோடு அடக்கமும் செய்து பார்த்துவிட்டார். ஹூஸ்டன் 1861இல், டெக்சாஸ் ஆளுநராக இருந்தபோது, தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்துப் பதவி இழந்தார்.

கடைசியாக ஹுவான் சேகீன். சான் அன்டோனியோக்காரர், 1821இல் ஆஸ்டினை வரவேற்று அழைத்து வந்த எராஸ்மோ சேகீனின் மகன். அலமோவுக்குள் இருந்தவர், உதவி கேட்டுத் தூது அனுப்பப்பட்டதால் உயிர் பிழைத்தார். சான் ஜசின்டோவில் டெஹானோ படைப்பிரிவை நடத்தினார். தங்கள் ஆட்களே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடுவார்களோ என்று ஹூஸ்டன் அவர்களை முகாமைக் காக்கச் சொன்னபோது, சேகீன் மறுத்தார். தொப்பிப் பட்டையில் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு அவருடைய வீரர்கள் களத்தில் இறங்கினார்கள். யாருடைய பக்கம் என்று காட்ட, பிறந்த மண்ணில் அவர்களுக்கு ஓர் அடையாள அட்டை தேவைப்பட்டது. 1837 பிப்ரவரியில் அலமோவில் எரிந்தவர்களின் சாம்பலை எடுத்து, இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ததும் அவரே. பேசியது ஸ்பானிய மொழியில்.

அவரைப் பெருமைப்படுத்த 1839இல் ஓர் ஊருக்குச் சேகீன் என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் புதிதாக வந்து குவிந்தவர்களுக்கு ஸ்பானியப் பெயர் கொண்டவர் எல்லோரும் எதிரிகள். சான் அன்டோனியோவின் மேயராக இருந்தவரை மெக்சிகோவின் ஒற்றன் என்றார்கள். 1842இல் பதவியை விட்டு, உயிருக்குப் பயந்து குடும்பத்தோடு எல்லை தாண்டினார். அங்கே சிறை அல்லது படை என்றார்கள். அவர் அதே ஆண்டு சான் அன்டோனியோவுக்குள் புகுந்த மெக்சிகப் படையோடு வந்தார். சொந்த மண்ணிலேயே அந்நியனாகிவிட்டேன் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். பின்னாளில் டெக்சாஸுக்குத் திரும்பினார், மறுபடியும் போனார், 1890இல் எல்லைக்கு அந்தப் பக்கம் நுவேவோ லரேடோவில் இறந்தார். 1974இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். 1976 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் இருநூறாவது சுதந்திர நாளில், அவர் பெயர் கொண்ட ஊரில் புதைத்தார்கள்.